சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

எங்க அக்கா நியூஜெர்சில இருக்காங்க, நான் சிங்கப்பூர்ல, அம்மா திருச்சில. அதனால இந்த ரூட் பத்தி சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, அம்மாவோட கோயில் சிநேகிதிங்க வரைக்கும் எல்லாரும் என்கிட்டதான் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு இருந்தேன், இப்போ எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். இந்த ரூட்ல கிலோமீட்டர் கணக்கு தெரிஞ்சா மட்டும் பத்தாது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதுதான் நீங்க எந்த வழியா போறீங்க, எத்தனை மணி நேரம் உக்காந்திருக்கணும்னு முடிவு பண்ணுது. கீழ படிச்சா புரியும்.

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்லேர்ந்து நியூயார்க் கென்னடி ஏர்போர்ட் எவ்வளவு தூரம்?

சுமார் 15,350 கிலோமீட்டர். மைல்ல சொன்னா 9,540 கிட்ட வரும். பைலட்டுங்க கணக்கு போடுற கடல் மைல்ல 8,290 மாதிரி. ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல்னா 1.609 கிலோமீட்டர், இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுதான் நெட்ல ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க. இது பூமி உருண்டை மேல ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு இருக்குற ரொம்பக் குறைஞ்ச தூரம். ஃப்ளைட் நிஜமா பறக்குற தூரம் இதைவிட எப்பவும் கூடத்தான் இருக்கும்.

நாமளே கணக்கு போட்டுப் பாக்க முடியுமா?

முடியும், இந்த ரெண்டு ஊருக்கும் கணக்கு ரொம்ப சுலபமா வரும், அதனாலயே எனக்கு இந்த ரூட் ரொம்பப் பிடிக்கும். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்குல இருக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்குல இருக்கு. ரெண்டையும் கூட்டுங்க, 178. அதாவது கிட்டத்தட்ட 180, உலக உருண்டைல ஒண்ணு இந்தப் பக்கம்னா இன்னொண்ணு நேர் அந்தப் பக்கம். அப்போ ரொம்பக் குறைஞ்ச வழி எதுன்னா மேல ஏறி வட துருவத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்குறதுதான்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1 புள்ளி 4 டிகிரி மேல இருக்குன்னு வைங்க, அங்கேர்ந்து துருவம் வரைக்கும் 88 புள்ளி 6 டிகிரி. துருவத்துலேர்ந்து நியூயார்க் வரைக்கும் 49 புள்ளி 4. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னு பெருக்குங்க, 15,300 சொச்சம் வரும். கால்குலேட்டர் கூட வேண்டாம்.

அக்கா பொண்ணுகிட்ட 30 சென்டிமீட்டர் குறுக்களவுல ஒரு குளோப் இருக்கு. அதுல சிங்கப்பூர் மேல ஒரு தையல் நூல் நுனியை வச்சு நியூயார்க் வரைக்கும் இழுத்துப் பிடிச்சோம். நூல் ஜப்பான் பக்கமும் போகல, ஐரோப்பா பக்கமும் போகல, சீனா, சைபீரியான்னு நேரா மேல ஏறி குளோப்போட உச்சில இருக்குற ஆணிகிட்ட போய் அந்தப் பக்கம் கனடா வழியா இறங்குச்சு. நூலை அளந்தா 36 சென்டிமீட்டர். அந்த குளோப்ல 1 சென்டிமீட்டர்னா 425 கிலோமீட்டர் மாதிரி, பெருக்கிப் பாத்துக்கோங்க, சரியா வரும். சுவத்துல மாட்டுற தட்டையான மேப்பை வச்சு மட்டும் தூரம் பாக்காதீங்க, அது மேலயும் கீழயும் இருக்குற நாடுகளை இழுத்து அகலமா காட்டும்.

அப்போ எத்தனை மணி நேரம் ஆகும்?

ஏர்லைன்ஸ் டைம்டேபிள்ல 18 மணியிலேர்ந்து 19 மணி நேரத்துக்குள்ள போட்டிருப்பாங்க, சீசனைப் பொறுத்து மாறும். ஏ350 மாதிரி விமானம் மேல போனதும் மணிக்கு 900 கிலோமீட்டர் பக்கத்துல போகும். 15,350ஐ 900ஆல வகுத்தா 17 மணி நேரம். ஏறுறது, இறங்குறது, சுத்திப் போறது, ரன்வேக்கு லைன்ல நிக்குறது எல்லாம் சேத்தா 18 தாண்டிடும். காத்து நல்லா தள்ளிவிட்ட நாள்ல 17 சொச்சத்துலயே போய்ச் சேந்ததும் உண்டு.

டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம்னு இருக்கு, ஆனா ஃப்ளைட் எங்க பறக்குதுன்னு காட்டுற ஆப்ல பாத்தா 17 மணி 30 நிமிஷம்தான் பறந்திருக்குன்னு காட்டுது. எது சரி?

ரெண்டும் சரிதான். டிக்கெட்ல இருக்குறது கேட்லேர்ந்து வண்டி பின்னாடி நகர ஆரம்பிச்ச நிமிஷத்துலேர்ந்து அந்தப் பக்கம் கேட்ல நின்னு பிரேக் போடுற வரைக்கும். ஆப் காட்டுறது சக்கரம் தரையை விட்டதுலேர்ந்து திரும்பத் தரையைத் தொடுற வரைக்கும் மட்டும். கென்னடி மாதிரி பெரிய ஏர்போர்ட்ல இறங்கினதுக்கு அப்புறம் கேட்டுக்குப் போகவே 20 நிமிஷம், சில நாள் அதுக்கு மேலயும் உருண்டுட்டே இருக்கும். அதோட ஏர்லைன்ஸ்காரங்க லேட் ஆகாம இருக்க கொஞ்சம் தாராளமாவே டைம் போட்டு வைப்பாங்க. அதனால ஆளை அழைச்சுட்டு வரப் போறவங்க ஆப்ல லேண்டிங் டைம் பாத்துட்டு அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டாம், இமிகிரேஷன் முடிச்சு பெட்டி எடுத்துட்டு வெளிய வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

எந்த வழியா போகும்? மேப்ல பாத்தா போறப்போ ஒரு வழி, வர்றப்போ வேற வழி காட்டுதே?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நூல் வச்சுப் பாத்தப்போ வட துருவம் வழின்னு வந்துச்சு இல்லையா, ஆனா ஃப்ளைட் அப்படியே அந்தக் கோட்டுல போறது அபூர்வம். ஏன்னா 9லேர்ந்து 12 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஆறு மாதிரி ஓடிட்டு இருக்கு, எப்பவும் மேற்குலேர்ந்து கிழக்கு நோக்கித்தான் ஓடும். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதுக்கு சாதாரணம், குளிர்காலத்துல ஜப்பானுக்கு மேல 300 கூட தாண்டும். ஆத்துல படகு விடுற மாதிரிதான், ஓட்டத்தோட போனா துடுப்பு போடாமலே தள்ளிட்டுப் போகும், எதுத்துப் போனா கை வலிக்கும்.

சிங்கப்பூரும் நியூயார்க்கும் நேர் எதிர் எதிரா இருக்குறதால இங்க ஒரு அதிசயம் நடக்குது. போறப்போ கிழக்கால பசிபிக் பக்கமும் போகலாம், வர்றப்போ அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா பக்கமா திரும்பவும் கிழக்காலயே வரலாம். ரெண்டு தடவையும் காத்து முதுகுலதான். போறப்போ பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கம் ஏறி வட பசிபிக் கடந்து அலாஸ்கா, கனடா வழியா இறங்கும். வர்றப்போ பல நாள் அட்லாண்டிக் வழி. அப்படி அமைஞ்ச நாள்ல போயிட்டு வந்தீங்கன்னா நீங்க உலகத்தையே ஒரு முழு சுத்து சுத்தி வந்துட்டீங்கன்னு அர்த்தம். அம்மா அப்படித்தான் சுத்துனாங்க. நான் குளோப்ல விரலை வச்சுக் காட்டினப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "பிள்ளையார் சுத்துன மாதிரியா, முருகன் சுத்துன மாதிரியா"ன்னு கேட்டாங்க. முருகன் மாதிரிதான்மா, நிஜமாவே உலகத்தைத்தான் சுத்துனீங்கன்னு சொன்னேன்.

எந்த வழிங்கறதை கிளம்புறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி காத்து மேப்பைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க, அதனால இன்னைக்குப் போன வழிலயே நாளைக்கும் போகும்னு இல்ல. கோடு நீளமா இருந்தாலும் நேரம் கம்மியா இருந்தா அதுதான் நல்ல வழி.

காத்து மட்டும் இல்ல, எந்த நாட்டு வானம் திறந்திருக்கு, எது மூடியிருக்குங்கறதும் கணக்குல வரும். 2022 பிப்ரவரிக்கு அப்புறம் ரஷ்யா வானம் ஐரோப்பிய ஏர்லைன்ஸ்க்கு மூடிடுச்சு, அதுல ஃபின்லாந்து ஏர்லைன்ஸான ஃபின்ஏர்காரங்களோட ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்துலேர்ந்து 13 மணி நேரத்துக்குப் போயிடுச்சு. ரெண்டு ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு, ஒரு அடி கூட நகரல.

ராத்திரி 11.35க்கு கிளம்பி காலைல 6 மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. ஆறரை மணி நேரம்தானா?

இல்லவே இல்ல. இதைப் பாத்து ஏமாந்தவங்க நிறைய பேர். டிக்கெட்ல ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவாங்க.

நியூயார்க் நேரம் சிங்கப்பூரை விட 12 இல்லன்னா 13 மணி நேரம் பின்னாடி. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைலேர்ந்து நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க, அப்போ வித்தியாசம் 12. மத்த மாசம் 13. சிங்கப்பூர்ல கடிகாரத்தைத் தொடறதே இல்ல. 12 மணி வித்தியாசம் இருக்குற மாசத்துல ஒரு வசதி, கைக்கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம், பகல் ராத்திரி மட்டும் மாத்தி நினைச்சுக்கணும்.

திங்கள் ராத்திரி 11.35க்கு கிளம்புறீங்க, பதினெட்டரை மணி நேரம் ஆகுதுன்னு வைங்க. சிங்கப்பூர் நேரத்துக்கு செவ்வாய் சாயங்காலம் 6.05. அதுல 12 கழிங்க, நியூயார்க்ல செவ்வாய் காலைல 6.05. ஏர்போர்ட்ல பல் தேச்சுட்டு நேரா மீட்டிங் போறவங்க கூட இருக்காங்க.

வர்றப்போ தலைகீழ். திங்கள் ராத்திரி 10.30க்கு நியூயார்க்ல ஏறுறீங்க, 18 மணி 45 நிமிஷம் கழிச்சு அங்க செவ்வாய் சாயங்காலம் 5.15, கூட 12 சேத்தா சிங்கப்பூர்ல புதன் காலைல 5.15. டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா +2ன்னு போட்டிருப்பாங்க, அதைக் கவனிக்காம விட்டுடாதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் செவ்வாய்க்கிழமை விடியக்காலை சாங்கில வந்து ரெண்டு மணி நேரம் காத்துட்டு இருந்தாரு, வர வேண்டியவர் அப்போதான் நியூயார்க் ஏர்போர்ட்டுக்கே கிளம்பிட்டு இருந்தாரு.

நடுவுல விடிஞ்சு இருட்டுமா? ஜன்னல்ல என்ன தெரியும்?

போறப்போ பசிபிக் வழியா போனா ஜப்பான் பக்கம் போறப்போ விடியும். அது செவ்வாய்க்கிழமை விடியல். அப்புறம் பசிபிக் நடுவுல தேதிக்கோட்டைத் தாண்டுனதும் கணக்குப்படி திரும்ப திங்கள்கிழமைக்கு வந்துடுவீங்க, பகல் ரொம்பச் சின்னதா முடிஞ்சு இருட்டிடும், நியூயார்க்ல இறங்குறப்போ செவ்வாய்க்கிழமை ரெண்டாவது தடவை விடியும். ஒரே நாள் ரெண்டு தடவை விடியுறதைப் பாக்கலாம். கோடைல வடக்கே ரொம்ப ஏறிப் போனா முழு இருட்டே வராம வெளிச்சமா இருக்கும், அதுவும் நடக்கும். ஜன்னல் சீட்ல உக்காந்தா எல்லாரும் தூங்குறப்போ கதவை லேசா ஒரு விரல் அளவு மட்டும் தூக்கிப் பாருங்க, முழுசா திறந்தா வெளிச்சம் சுளீர்னு அடிச்சு பக்கத்து ஆள் முழிச்சுக்குவாரு.

வர்றப்போ செவ்வாய் பூரா வானத்துலயே கழியும். அட்லாண்டிக் மேல விடிஞ்சு, ஆசியா வர்றப்போ இருட்டி, புதன் விடியறதுக்கு முன்னாடி இறங்கிடுவீங்க.

கென்னடியா, நெவார்க்கா?

நெவார்க்ங்கறது நியூயார்க் பக்கத்துல நியூஜெர்சில இருக்குற ஏர்போர்ட். தூரத்துல வித்தியாசம் இல்லன்னே சொல்லலாம். நியூஜெர்சில வீடுன்னா நெவார்க், குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம்னா கென்னடி. நியூஜெர்சி எடிசன்ல இருக்குற ஆளைப் பாக்க கென்னடில இறங்கினா நடுவுல நியூயார்க் ட்ராஃபிக்கைக் கடக்கணும், காலை நேரத்துல ரெண்டு மணி நேரம் கூட போயிடும்.

என்ன விமானம்? சாதாரண எகானமி டிக்கெட் ஏன் கிடைக்கல?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த ரூட்டுக்குன்னே ஏர்பஸ்கிட்ட சொல்லி வாங்குன ஏ350-900 யூஎல்ஆர்னு, ரொம்பத் தூரம் பறக்குறதுக்கான ஒரு மாடல். உலகத்துலயே 7 விமானம்தான் இருக்கு, ஏழும் இவங்ககிட்டதான். 2018 அக்டோபர்ல நெவார்க்குக்கு ஆரம்பிச்சாங்க, 2020 நவம்பர்ல கென்னடிக்கும் ஆரம்பிச்சாங்க.

மொத்தம் 161 சீட். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி ஒரு சீட் கூட இல்ல. இதுக்குக் காரணம் எடை. சாதாரண ஏ350-900ல 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும்னா இதுல 1,65,000 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல எடை இருக்கும், டேங்க்கை ரொப்புனா 130 டன் மாதிரி வந்துடும். விமானம் எல்லாத்தையும் சேத்து அதிகபட்சம் 280 டன்னோடதான் தரையை விட்டுக் கிளம்பலாம். அப்போ கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருளுக்கே போயிடுது, மிச்சத்துலதான் விமானம், ஆளுங்க, பெட்டி, சாப்பாடு, தண்ணி எல்லாம். முன்பக்க சரக்கு அறையைக் கூட இந்த மாடல்ல பயன்படுத்துறது இல்ல. 300 பேரை ஏத்துனா இந்தத் தூரம் போக முடியாது. டிக்கெட் விலை பாத்து நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றவங்ககிட்ட நான் இந்தக் கணக்கைத்தான் சொல்லுவேன்.

நடுவுல நிக்காம போனா எரிபொருள் மிச்சம்தானே?

அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். ஒரு ஸ்டாப் போட்டா இறங்கி திரும்ப ஏறணும், அதுக்கு எரிபொருள் செலவாகும், அது நிஜம். ஆனா இவ்வளவு நீளமான பயணத்துல 17ஆவது மணி நேரத்துல எரிக்கப் போற எரிபொருளை முதல் மணி நேரத்துலேர்ந்தே தூக்கிட்டுப் போகணும், அதைத் தூக்குறதுக்கே தனியா எரிபொருள் எரியுது. ஊர்ல தண்ணி இல்லாத பாதைல நடந்து போறவன் மொத்தத் தண்ணியையும் முதல்லயே தலைல சுமந்துட்டுப் போற மாதிரி. வழில கிணறு இருந்தா ஒரு சொம்பு போதும். அதனால நேரம் மிச்சம், எரிபொருள் மிச்சம் இல்ல.

இதனாலதான் முதல் தடவை இந்த சர்வீஸ் நின்னுச்சு. 2004 ஜூன்ல இதே ஏர்லைன்ஸ் ஏ340-500ங்கற விமானத்தை வச்சு சிங்கப்பூர் – நெவார்க் ஆரம்பிச்சாங்க. அதுல 4 இன்ஜின். எரிபொருள் விலை ஏற ஏற கட்டுப்படி ஆகல, 2008ல மொத்தமா 100 பிசினஸ் சீட்டா மாத்திப் பாத்தாங்க, அப்படியும் முடியாம 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. 5 வருஷம் கழிச்சு ரெண்டு இன்ஜின் விமானம் வந்ததுக்கு அப்புறம்தான் திரும்ப ஆரம்பிக்க முடிஞ்சுது.

ரெண்டே ரெண்டு இன்ஜின், கடல் மேல ஒண்ணு நின்னுட்டா?

அம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொண்ணுல பறந்து போய்ப் பக்கத்து ஏர்போர்ட்ல இறங்குற மாதிரிதான் வழியே போடுவாங்க. ஏ350க்கு இந்த விஷயத்துல 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி குடுத்திருக்காங்க, அதாவது ஒத்தை இன்ஜின்ல 6 மணி நேரத்துக்கு மேல பறக்கலாம்னு சோதிச்சு ஒத்துக்கிட்டது. பசிபிக் வழில ஜப்பான், அலாஸ்கா, நடுவுல தீவுகள்ல எல்லாம் இறங்குறதுக்கு ஏர்போர்ட் இருக்கு.

பைலட் தூங்கிட மாட்டாரான்னும் கேப்பாங்க. தூங்குவாங்க, முறை வச்சு. 2018ல ஆரம்பிச்சப்போ 2 கேப்டன், 2 ஃபர்ஸ்ட் ஆபீசர், ஆக 4 பைலட், கூட 13 கேபின் ஊழியர்கள். அவங்க படுத்து எழுந்திரிக்கறதுக்குத் தனியா பங்க் படுக்கை உள்ளயே இருக்கு.

சென்னைலேர்ந்து நியூயார்க் போறவங்க சிங்கப்பூர் வழியா வரலாமா?

வரலாம், ஆனா தூரக் கணக்கைத் தெரிஞ்சுட்டு வாங்க. சென்னை – நியூயார்க் நேர் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர்தான். டெல்லி போய் அங்கேர்ந்து நேரா நியூயார்க் போனா ஏறக்குறைய அதே 13,500தான் வரும், துபாய் வழின்னா 14,000 பக்கம். சிங்கப்பூர் வழியா வந்தா முதல்ல கிழக்கால 2,900 கிலோமீட்டர், அப்புறம் 15,350, மொத்தம் 18,250. துபாய் வழியை விட 4,000க்கு மேல அதிகம், வானத்துலயே 5 மணி நேரம் கூட. அவசரம்னா, குழந்தையோட போறீங்கன்னா மேற்கு வழிதான் நல்லது, இதைச் சிங்கப்பூர்ல இருக்குற நானே சொல்றேன்.

நாங்க அம்மாவை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்ததுக்குக் காரணம் வேற. திருச்சிலேர்ந்து சிங்கப்பூருக்கு நேர் ஃப்ளைட் இருக்கு, நாலு மணி நேரம் சொச்சம். வந்து என்கூட ரெண்டு வாரம் இருந்துட்டு, உடம்பு பழகினதுக்கு அப்புறம் நானும் கூடவே கிளம்பினேன். சாங்கில போர்டெல்லாம் தமிழ்லயும் இருக்கும், "வருகை"ன்னு படிச்சுட்டு அவங்களாவே நடந்து வந்தாங்க. அதுக்கு 4,000 கிலோமீட்டர் கூடப் போனா பரவாயில்லன்னு எங்களுக்குத் தோணுச்சு.

விலை கம்மியா வேற வழி இருக்கா?

ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு போற ஃப்ளைட் இருக்கு, அதுல எகானமி உண்டு. தூரம் 16,450 கிலோமீட்டர் மாதிரி, ஸ்டாப்போட சேத்து 24 மணி நேரம் பக்கம் ஆகும். நேர் ஃப்ளைட்டை விட 5, 6 மணி நேரம் அதிகம். ஆனா நடுவுல இறங்கி நடக்கலாம், முட்டி வலி இருக்குறவங்க சில பேர் இதைத்தான் விரும்புறாங்க.

வயசானவங்க 18 மணி நேரம் உக்கார முடியுமா?

அம்மாவுக்கு அப்போ 68, சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போய்க் கேட்டோம், நீங்களும் கேக்காம கிளம்பாதீங்க. மாத்திரையைக் காலை, மதியம், ராத்திரின்னு எழுதியிருந்தா இந்த ஃப்ளைட்ல எது காலை எது ராத்திரின்னே தெரியாது. அம்மாவோட டாக்டர் சீட்டைத் திருப்பிப் போட்டு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதிக் குடுத்தாரு. நான் ஒவ்வொரு மாத்திரையும் கத்தரிக்கோலால அட்டையோட வெட்டி, சின்னச் சின்ன கவர்ல போட்டு, மேல 3ஆவது மணி, 9ஆவது மணி, 15ஆவது மணின்னு மார்க்கர்ல எழுதினேன். அம்மாவோட பழைய டைட்டன் வாட்ச்சை சிங்கப்பூர் நேரத்துலயே விட்டுட்டோம், இறங்குற வரைக்கும் மாத்தல. இன்சுலின் போடுறவங்களுக்கு அளவே மாறலாம், அதை டாக்டர்தான் சொல்லணும். மாத்திரை எதையும் பெரிய பெட்டில போடாதீங்க, கைப்பைலதான் இருக்கணும்.

காலுக்கு இறுக்கமான சாக்ஸ் டாக்டர் சொன்னா வாங்கிக்கோங்க. ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டு அசையாம இருந்தா ரத்தம் கட்டிக்கிற ஆபத்து இருக்கு, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி கடைசி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தேன். பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்குறதுதான் நம்ம அம்மாக்கள் பண்ற பெரிய தப்பு. அதுக்குத்தான் நடைபாதை ஓரத்து சீட் எடுங்க, யாரையும் தாண்டிப் போக வேண்டாம். பிரீமியம் எகானமில 2-4-2ன்னு சீட் இருக்கும், கடைசி சில வரிசைல மட்டும் ஓரத்துல தனி சீட் உண்டு, ஒண்டியா போறவங்களுக்கு அது அருமை.

நிஜத்தைச் சொன்னா முதல் 8 மணி நேரம் தெரியாது. சாப்பாடு, தூக்கம், ஒரு படம்னு போயிடும். கஷ்டம் 12லேர்ந்து 15ஆவது மணி வரைக்கும்தான். முன்னாடி திரைல "இன்னும் 5 மணி 10 நிமிஷம்"னு காட்டுச்சு, அம்மா அதையே பாத்துட்டு இருந்தாங்க. நான் மேப்பை மாத்திட்டு சஷ்டி கவசம் ஹெட்போன்ல போட்டுக் குடுத்தேன். அந்த நேரத்துக்குன்னு ஏதாவது ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க, முதல் மணி நேரத்துலயே எல்லாத்தையும் தீத்துடாதீங்க.

ஜெட் லேக் எத்தனை நாள் இருக்கும்?

12 மணி நேர வித்தியாசம்னா பகலும் ராத்திரியும் முழுசா மாறுது, இதுக்கு மேல மாற ஒண்ணும் இல்ல. பொதுவா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம்தான் உடம்பு நகரும்னு சொல்லுவாங்க, எங்க அனுபவமும் அதுதான், ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. காலைல இறங்கினதும் படுத்துடாதீங்க. வெளிய வெயில்ல நடங்க, சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிங்க. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்து பசிக்கும், அதுக்கு ஒரு டப்பால தயிர்சாதம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா வீட்ல மத்தவங்களை எழுப்ப வேண்டாம்.

இதைவிட நீளமான ஃப்ளைட் வருமா?

ஆஸ்திரேலியா ஏர்லைன்ஸான குவான்டாஸ் சிட்னி – லண்டன் நிக்காம விடப் போறோம்னு சொல்லி அதுக்குன்னு 12 ஏ350-1000 ஆர்டர் பண்ணியிருக்காங்க. தூரம் 17,000 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்கு மேல. 2019 அக்டோபர்லயே நியூயார்க் – சிட்னி சோதனையா ஒரு தடவை ஓட்டிப் பாத்தாங்க, 19 மணி 16 நிமிஷம் ஆச்சு. பெர்த் – லண்டன் 2018 மார்ச்லேர்ந்து ஓடுது, அது 14,500 கிலோமீட்டர். பூமியோட சுத்தளவே 40,000 கிலோமீட்டர்தான், அதனால எந்த ரெண்டு ஊருக்கும் 20,000க்கு மேல தூரம் வரவே முடியாது.

ஆனா நேரத்தை வச்சுப் பாத்தா இவங்க யாரும் பழைய சாதனையைத் தொடல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1943லேர்ந்து 1945 வரைக்கும், இதே குவான்டாஸ் ஆஸ்திரேலியாவோட பெர்த்லேர்ந்து இலங்கைல காலிங்கற ஊர் பக்கத்துல இருக்குற கொக்கல ஏரிக்கு கேட்டலினாங்கற கடல் விமானத்தை ஓட்டுனாங்க. 5,600 கிலோமீட்டர் சொச்சம்தான், இன்னைக்கு ஆறேழு மணி நேரம். அன்னைக்கு 27லேர்ந்து 33 மணி நேரம். எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு ரேடியோ கூட பேசாம, நட்சத்திரத்தைப் பாத்து வழி கண்டுபிடிச்சுப் போனாங்க. மிஞ்சிப் போனா 3 பேர்தான் பயணி. ரெண்டு சூரிய உதயத்தைப் பாத்தவங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சான்றிதழ் குடுத்தாங்க.

வீட்லேர்ந்து ஃப்ளைட்டை மேப்ல பாத்துட்டு இருந்தேன், பசிபிக் நடுவுல காணாமப் போயிடுச்சு. பயமா இருக்கு, என்ன பண்ண?

ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்த ஆப்புங்க பெரும்பாலும் தரைல இருக்குற ரிசீவர் வழியாத்தான் விமானத்தோட சிக்னலைப் பிடிக்குது. ஒரு ரிசீவர் சுத்துவட்டாரத்துல 400 கிலோமீட்டர் வரைக்கும்தான் பிடிக்கும், நடுக்கடல்ல யாரும் ரிசீவர் வைக்கல. சில ஆப் உத்தேசமா ஒரு கோடு போட்டுக் காட்டும், சிலது அப்படியே நின்னுடும். விமானத்துலேர்ந்து பைலட் சாட்டிலைட் வழியா பேசிட்டுத்தான் இருப்பாரு, நமக்குத்தான் தெரியாது. ஜப்பானை விட்டு நகந்ததும் போனை வச்சுட்டுத் தூங்குங்க. அலாஸ்கா, கனடா கரை பக்கம் வந்ததும் அந்தக் குட்டி மஞ்சள் விமானம் மேப்ல திரும்ப வந்துடும், அப்போ எழுந்து பாத்தா போதும்.